சூலிஸிடம் ஒரு பிராது

பாத் ரயில் நிலையத்தில் இறங்கி, சூலிஸ் கோயிலுக்கு வழி எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ரோமன் பாத்ஸ் என்று கேட்டால் எதிரே வருகிற யாரும் கை காட்டுவார்கள். இரண்டும் ஒரே இடம்தான். லண்டன் பேடிங்டனிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில், அப்புறம் சில நிமிட நடை. தேன் நிறக் கல்லில் கட்டிய கடைத்தெருவைத் தாண்டினால் ஒரு முற்றம். ஒரு பக்கம் பாத் அபே என்கிற பெரிய தேவாலயம், இன்னொரு பக்கம் டிக்கெட் வரிசை. பிப்ரவரிக் குளிரில், வார நாளில் போனோம். அப்படியும் வரிசை நீளமாகத்தான் இருந்தது.

உடன் வந்தவள் என் சித்தி மகள். பிரிஸ்டலில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். முழங்கால், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்தவர்களை வெந்நீர்க் குளத்தில் இறக்கி நடக்கப் பழக்குவது அவள் வேலையில் ஒரு பகுதி. நோய் தீர்க்கும் ஊற்று என்று பேச்செடுத்தாலே அவள் புருவம் ஏறிவிடும். எனக்கும் அப்படி ஒரு துணை தேவைப்பட்டது. கெல்டிக் தெய்வங்களைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் ஒரே வாய்ப்பாட்டைத்தான் ஒப்பித்தன: சேன் நதி பிறக்கும் இடத்தில் செக்வானா, ஜெர்மனியின் ஆகன் நகரில் கிரானஸ், பிரான்ஸின் பூர்போன் ஊர்களில் போர்வோ, இங்கிலாந்தின் லிட்னியில் நோடன்ஸ், பாத்தில் சூலிஸ். எல்லோரும் நோய் தீர்ப்பவர்கள். மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பொருள்கள் இதற்கு எவ்வளவு தூரம் சாட்சி சொல்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் காரணம்.

உள்ளே நுழைந்ததும் மேல்மாடத்துக்கு வருகிறோம். தெரு மட்டத்துக்கு வெகு கீழே, செவ்வகமாக, பட்டாணிப் பச்சையில் ஒரு குளம். அதன் மேல் வெள்ளை ஆவி படர்ந்து கிடக்கிறது. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் மேல் ரோமச் சக்கரவர்த்திகளும் பிரிட்டனை ஆண்ட ஆளுநர்களும் கல்லாக நிற்கிறார்கள். அவர்களை நம்பிவிடக் கூடாது. 1897இல் இந்த இடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது அழகுக்காகச் செதுக்கி வைத்தவை அந்தச் சிலைகள். தூண்களின் அடிப்பாகம்தான் ரோமானியர் வேலை. அதற்கு மேல் கண்ணில் படுவதில் பெரும்பகுதி விக்டோரியா ராணி காலத்தது. தண்ணீரின் பச்சைகூடப் பழசல்ல. அந்தக் காலத்தில் குளத்துக்கு மேல் உயரமான வளைகூரை இருந்தது. கூரை போய் வெளிச்சம் நேரே விழுவதால் பாசி பிடித்திருக்கிறது. ஊற்றிலிருந்து வரும்போது தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. ஆனால் படம் எடுக்கிறவர்களுக்கு அந்தப் பச்சைதான் வேண்டும்.

ஊற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மாடத்திலிருந்து உள்ளே திரும்பி, ஒரு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். கிங்ஸ் பாத் என்று அதற்குப் பெயர். 12ஆம் நூற்றாண்டில், இடிந்த ரோமானியத் தொட்டியின் மேலேயே கட்டிய குளம். சுவரில் ஆள் உட்காரும் மாடக்குழிகள், பிடித்துக்கொள்ள வளையங்கள். குணமானவர்கள் நன்றிக் காணிக்கையாக அடித்துக் கொடுத்த வளையங்கள் அவை. ஒரு மாடத்தில் பிளாடுட் ராஜாவின் சிலை. தொழுநோயால் அரண்மனையை விட்டு விரட்டப்பட்டு, பன்றி மேய்த்துக்கொண்டிருந்த இளவரசன், பன்றிகள் புரண்ட சூடான சேற்றில் தானும் புரண்டு குணமாகி இந்த ஊரை உண்டாக்கினான் என்பது கதை. கதைதான், கெல்டிக் காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுவரைச் சுற்றி, தலைக்கு மேலான உயரத்தில் ஓர் ஆரஞ்சு நிறக் கோடு ஓடுகிறது. முன்பு தண்ணீர் அந்த மட்டத்துக்கு நின்றது. இரும்புச்சத்து கல்லில் ஏறிய கறை. அகழாய்வுக்காகக் குளத்தின் தரையை எடுத்த பிறகு தண்ணீர் மட்டம் கீழே போய்விட்டது.

தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழ்விட்டுக்கொண்டே இருந்தது. கொதிப்பல்ல, வாயு. வெப்பம் 46 டிகிரி செல்சியஸ். நாளொன்றுக்குச் சுமார் 11,70,000 லிட்டர். மழைக்கும் வறட்சிக்கும் பெரிய மாற்றமில்லாமல் வருகிறது. தெற்கே மெண்டிப் குன்றுகளில் என்றோ பெய்த மழை சுண்ணாம்புப் பாறை வழியாகக் கசிந்து, 2,700 மீட்டருக்கும் கீழே இறங்கிச் சூடாகி, பாறைப் பிளவுகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. இந்தப் பயணத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள். வழியில் கரைந்து சேர்ந்த தாதுக்கள் நாற்பதுக்கு மேல். கால்சியமும் சல்பேட்டும்தான் அதிகம். இங்கிலாந்தில் பிப்ரவரி மாதம் தரையிலிருந்து சுடுதண்ணீர் பீறிட்டு வந்தால் அங்கே ஒரு தெய்வம் இருப்பதாக நினைப்பதற்குப் பெரிய இறையியல் எதுவும் தேவைப்படாது.

அந்தத் தெய்வம்தான் சூலிஸ். ரோமானியர் வருமுன் இங்கே கோயிலோ கட்டடமோ இருந்ததற்குத் தடயமில்லை. ஆனால் ஊற்றுக்குள்ளிருந்து கெல்டிக் நாணயங்கள் 18 கிடைத்திருக்கின்றன. கி.பி. 43இல் ரோமப் படை வந்தது. கி.பி. 60 வாக்கில் பூடிகா ராணியின் கலகம் கிழக்கே மூன்று ஊர்களை எரித்தது. அதற்குப் பிறகு வெகு சீக்கிரத்தில், 60-70களில், இங்கே கோயில் எழுகிறது. ரோமானியப் பொறியாளர்கள் சேற்றில் கருவாலி மரக் கட்டைகளை அடித்து இறுக்கி, ஊற்றைக் கல்தொட்டிக்குள் அடைத்தார்கள். தெய்வத்தை மட்டும் மாற்றவில்லை. தங்கள் மினர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினர்வா என்றார்கள். உள்ளூர்க்காரியின் பெயர்தான் முதலில் வருகிறது. ஊருக்கும் அவள் பெயரே: அக்குவே சூலிஸ், சூலிஸின் தண்ணீர்.

கோயில் முகப்பின் கற்களை இருட்டறை ஒன்றில் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். 1790இல் பக்கத்தில், ஊற்றுத் தண்ணீர் அருந்தும் கூடமான பம்ப் ரூம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தவை. நடுவில் வட்டக் கேடயம், அதில் ஒரு முகம். முறைத்த கண்கள், நெற்றியில் மடிப்பு, சுற்றிலும் சுடர் மாதிரியும் பாம்பு மாதிரியும் பறக்கிற முடி. முறுக்கிவிட்ட மீசை வேறு.

"அம்மன் கோயில்னு சொன்னீங்க, மீசை வச்ச ஆளுல்ல இருக்காரு?" என்றாள்.

மினர்வாவின் கேடயத்தில் இருக்க வேண்டியது கோர்கன் என்ற பெண்ணின் தலை. அதை ஆணாக்கி மீசையும் வைத்தவன் ரோமானியப் பாடத்தைச் சரியாகப் படிக்காதவனா, அல்லது வேண்டுமென்றே தன் மண்ணின் சாமியை அங்கே ஏற்றினவனா என்பது தீராத வழக்கு. தண்ணீர்த் தெய்வம் என்கிறவர்கள் உண்டு, சூரியன் என்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கல்லில் தெரிந்தது உளியின் தைரியம். ரோமானியச் சிற்பத்தில் வழக்கமாக இருக்கும் வழுவழுப்பு இதில் துளியும் இல்லை.

அடுத்த கூடத்தில்தான் எங்கள் நேரமெல்லாம் போனது. மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், கசங்கிய சாம்பல் நிறத் தகடுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை மெல்லிசாக அடித்து, எழுத்தாணியால் லத்தீனில் கீறி, சுருட்டியோ மடித்தோ ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். 1979-80இல் பேரி கன்லிஃப் தலைமையில் ஊற்றுக்குள் நடந்த அகழாய்வில் இவற்றில் பெரும்பாலானவை வெளியே வந்தன. இப்போது மொத்தம் சுமார் 130. ரோஜர் டாம்லின் என்ற அறிஞர் உட்கார்ந்து அத்தனையையும் படித்து 1988இல் வெளியிட்டார். இவற்றைச் சாபத் தகடுகள் என்று அழைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கோயிலில் சீட்டெழுதிப் பிராது கட்டுகிற வழக்கம் தெரிந்த நமக்கு இவை என்னவென்று விளக்கத் தேவையில்லை.

என்ன பிராது? திருட்டு, திருட்டு, மறுபடியும் திருட்டு. டோசிமெடிஸ் என்பவருக்கு இரண்டு கையுறைகள் காணாமல் போய்விட்டன. எடுத்தவன் புத்தி பேதலித்துக் கண்ணும் போக வேண்டும் என்கிறார். சோலினஸுக்குக் குளிக்கும்போது கட்டுகிற உடையும் மேலங்கியும். டோசிலியானஸுக்குத் தலைமூடி வைத்த அங்கி. அன்னியானஸுக்குப் பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசு. சந்தேகப்படும் ஆட்களின் பெயர்களையும் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு பெண்ணின் வெள்ளி மோதிரம். ஒருவருடைய கலப்பைக் கொழு. வில்பியா என்று ஒருத்தி, அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் தண்ணீராய்க் கரைந்துபோக வேண்டும் என்று இன்னொன்று. அதில் ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாகத் திருப்பிப் போட்டிருக்கிறது. பொது வெந்நீர்க்குளத்துக்குப் போய், துணியை அவிழ்த்து வைத்துவிட்டு இறங்குகிற ஊரில் அங்கிக் களவு இருக்கத்தான் செய்யும். காவலுக்கு அடிமை வைத்திருக்கிற பணக்காரன் பிழைத்துக்கொள்வான். சின்னச் சாமான்காரனுக்கு சூலிஸை விட்டால் கதி இல்லை.

வாசகங்களில் ஒரு வக்கீல்தனம் இருக்கிறது. திருடன் யாரென்று தெரியாததால், ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ என்று எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுகிறார்கள். அன்னியானஸ் ஒரு படி மேலே போய், கிறிஸ்தவனாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று சேர்த்திருக்கிறார். நான்காம் நூற்றாண்டு வந்துவிட்டது என்று அந்த ஒரு சேர்க்கையே சொல்லிவிடுகிறது. இதைவிடச் சாமர்த்தியமான உத்தி ஒன்று உண்டு. தொலைந்த பொருளை முதலில் தெய்வத்துக்கு எழுதிவைத்துவிடுவது. காணாமல் போன ஐந்து தினாரியைத் தேவியே உனக்குத் தந்துவிட்டேன் என்று எழுதிவிட்டால், இனி அது எழுதியவரின் காசல்ல, சூலிஸின் காசு. திருடன் திருடியது சாமி சொத்தை. வசூலிப்பது அவள் பாடு.

தண்டனை என்ன கேட்கிறார்கள் என்று சித்தி மகள் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து படித்துக்கொண்டே வந்தாள். அருங்காட்சியகம் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்திருக்கிறது. தூக்கம் வரக் கூடாது. உடம்பில் ஆரோக்கியம் தங்கக் கூடாது. பிள்ளை பிறக்கக் கூடாது. கண், குடல், ரத்தம். பொருளைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கிறவரை விடக் கூடாது.

"கேஸ் ஹிஸ்டரி எழுதினாப்ல இருக்கு அண்ணே. தூக்கமின்மை, மலட்டுத்தனம், வயித்து நோவு... எல்லாம் வரிசையா."

அவள் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருந்தது. சூலிஸ் நோய் தீர்ப்பவள் என்று நேரே சொல்லும் எழுத்து இங்கே கொஞ்சம்தான். ஆனால் தூக்கத்தையும் பிள்ளைப்பேற்றையும் உடல்நலத்தையும் நிறுத்திவைக்கச் சொல்லி ஊர் அவளிடம் மனு மேல் மனு போட்டிருக்கிறது. கொடுக்கிற இடத்தில் இருப்பவளிடம்தான் நிறுத்திவை என்று கேட்க முடியும். நோய் தீர்க்கும் தெய்வம் என்பதற்கு இவ்வளவு உறுதியான வாக்குமூலம் எந்தப் பாராட்டுக் கல்வெட்டிலும் கிடைக்காது என்று எனக்குப் பட்டது. இந்த மாதிரி தெய்வங்களை மென்மையான, தாய்மை பொங்கும் தண்ணீர் தேவதைகளாக வரைகிற இக்காலப் பழக்கம் எனக்குக் கட்டோடு பிடிக்காது. ஊற்றங்கரையில் ஏப்ரல் 12ஆம் தேதி ஒரு குடும்பமே வந்து சத்தியம் செய்த தகடு ஒன்று இருக்கிறது. கணவன், மனைவி, மகன், சகோதரன் என்று பெயர்கள். பொய்ச்சத்தியம் செய்தவர் தம் ரத்தத்தால் சூலிஸுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று முடிகிறது. என்ன தகராறோ தெரியாது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஆவிக்கு நடுவே நின்றிருக்கிறார்கள்.

கையெழுத்துகள் அநேகமாக ஆளுக்கொன்று. கோயில் வாசலில் உட்கார்ந்து கூலிக்கு எழுதிக் கொடுக்கிற ஆள் இருந்திருப்பான் என்று நினைத்திருந்தேன், அப்படித் தெரியவில்லை. சில தகடுகளில் எழுத்தே இல்லை. எழுத்து மாதிரி கோடுகள் மட்டும். எழுதத் தெரியாத யாரோ, எழுதுவதைப் பார்த்துப் பழகிய கையால் வரி வரியாகக் கீறி, மடித்து, உள்ளே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சூலிஸ் படித்துக்கொள்வாள் என்ற நம்பிக்கைதான்.

சூலிஸ் நோய் தீர்ப்பவள் என்பதற்கு நேரடிச் சாட்சி அறவே இல்லை என்பதல்ல. ஊற்றுக்குள்ளிருந்து தந்தத்தில் செதுக்கிய மார்பகங்கள் கிடைத்திருக்கின்றன. நோயுற்ற உறுப்பின் உருவத்தைக் காணிக்கையாகப் போடும் வழக்கம் அது. இங்கே அந்த மாதிரி காணிக்கை கை விரலில் எண்ணிவிடலாம். பிரான்ஸில் கதையே வேறு. டிஜோன் அருகே சேன் நதி பிறக்கும் இடத்தில் செக்வானாவுக்கு மரத்திலும் கல்லிலும் கால், கை, தலை, கண், உள்ளுறுப்பு என்று நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். அவளே வாத்து வடிவப் படகில் நிற்கும் வெண்கலச் சிலை 1933இல் கிடைத்தது. ஷமாலியேர் ஊற்றில் மர உருவங்கள் ஆயிரக்கணக்கில். ஒரே கெல்டிக் உலகம், ஒரே மாதிரி ஊற்று. ஆனால் அங்கே போனவர்கள் காலைச் செதுக்கிக் கொடுத்தார்கள், இங்கே வந்தவர்கள் களவு போன அங்கியைப் பற்றி எழுதிக் கொடுத்தார்கள். புத்தக வாய்ப்பாடு இங்கேதான் இடறுகிறது.

கோயில் முற்றம் இருந்த இடம் இப்போது நிலவறை. கண்ணாடி நடைபாதை வழியாக ரோமானியர் போட்ட தளக்கற்களின் மேலேயே நடக்கிறோம். லூசியஸ் மார்சியஸ் மெமோர் என்பவர் சூலிஸுக்கு வைத்த கல் ஒன்று நிற்கிறது. பலியிட்ட விலங்கின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்பவர் அவர். 75 வயதில் இறந்த சூலிஸின் பூசாரி கையஸ் கால்பூர்னியஸ் ரெசெப்டஸுக்குக் கல் எடுத்தவள் அவர் மனைவி. முன்பு அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். விடுதலை பெற்ற அடிமைகள் இருவர், தங்கள் எஜமானாக இருந்த ஆறாம் படையணி நூற்றுவர் தலைவனின் நலத்துக்காகத் தனித்தனியே பலிபீடம் எழுப்பியிருக்கிறார்கள். ட்ரியரிலிருந்து வந்த பெரெக்ரினஸ், சூலிஸை விட்டுவிட்டு, தன் ஊர்த் தெய்வங்களான லூசெடியஸ் மார்ஸுக்கும் நெமெடோனாவுக்கும் இங்கே கல் வைத்திருக்கிறார். சாமி கும்பிட வந்த இடத்திலும் சொந்த ஊர்ச் சாமியை மறக்காத மனுஷன்.

இதற்கெல்லாம் நடுவே, தனியாக, சூலிஸ் மினர்வாவின் தலை. 1727இல் ஸ்டால் தெருவில் சாக்கடை தோண்டிய கூலியாட்கள் எடுத்தது. வெண்கல வார்ப்பு, மேலே ஆறு தடவை பொன்முலாம் பூசியிருக்கிறார்கள். தாடைக்குக் கீழே உடம்பு இல்லை. தலையில் தனியாக வார்த்த தலைக்கவசம் இருந்திருக்க வேண்டும், அதுவும் போய்விட்டது. மூக்கு நேராக, கண் வெறுமையாக, எந்தச் சலனமும் இல்லாத ரோமானிய அழகு. முகப்பில் பார்த்த மீசைக்காரனையும் இவளையும் ஒரே கோயிலில் வைத்திருந்தார்கள் என்பதை மனம் ஏற்கச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற பணியாளர், இந்தச் சிலை கோயிலுக்குள் இருந்திருக்கும், சாதாரண ஜனங்கள் பார்ப்பது அரிது என்றார். ஜனங்களுக்கு வெளியே ஊற்று இருந்தது.

அங்கிருந்து இறங்கினால் ரோமானியர் கட்டிய வளைவு ஒன்றின் வழியே ஊற்றின் மிகுதித் தண்ணீர் சரிந்து ஓடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். கல் முழுக்க ஆரஞ்சு படிந்து, ஈரத்தில் பளபளக்கிறது. வெப்பம் முகத்தில் அடிக்கிறது. கண்ணாடி போட்டவர்கள் நின்று துடைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தண்ணீர் ரோமானியர் போட்ட வடிகாலுக்குள் இறங்கி ஏவன் ஆற்றுக்குப் போகிறது. கிட்டத்தட்ட 2,000 ஆண்டுப் பழைய வடிகால், இன்றும் வேலை செய்கிறது.

பிறகு பெரிய குளத்தின் கரை. மேலேயிருந்து பார்த்ததைவிட நெருக்கத்தில் அது முரட்டுத்தனமாக இருக்கிறது. நாலு பக்கமும் செங்குத்தான படிகள், 1.6 மீட்டர் ஆழம். தரையில் 45 கனத்த ஈயத் தகடுகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. தண்ணீரைத் தொடக் கூடாது என்று பலகைக்குப் பலகை எச்சரிக்கை. நான் குனிந்த வேகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"கைய விட்டுறாதீங்க அண்ணே. இது சுத்தம் பண்ணாத தண்ணி."

பயத்துக்குக் காரணம் உண்டு. 1978இல் இந்த ஊர் ஊற்றுத் தண்ணீரில் நீந்திய சிறுமி ஒருத்தி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாக ஏறியிருந்தது. குளியலை உடனே நிறுத்தினார்கள். பிறகு மேல்மண்ணின் அசுத்தம் படாத ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கப் புதிய துளை போட்டார்கள். தெர்மே பாத் ஸ்பா என்ற புதுக் குளியலகம் 2006இல்தான் திறந்தது. இடைப்பட்ட அத்தனை வருஷமும், குளியலையே பெயராக வைத்த ஊரில் ஊற்றுக் குளியல் கிடையாது.

ஈயத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தத் தண்ணீரின் மருத்துவப் புகழைப் பற்றி நாங்கள் கொஞ்சம் வாதாடினோம். 1738இல் இங்கே ஏழைகளுக்கென்று ஒரு தாதுநீர் மருத்துவமனை தொடங்கினார்கள். சேர வரும்போதே ஒரு தொகை கட்டிவிட வேண்டும். குணமானால் ஊர் திரும்பும் வழிச்செலவு, இல்லையென்றால் அடக்கச் செலவு. கை கால் விழுந்துபோய் வந்தவர்களில் கணிசமான பேர் தேறிப்போனதாக மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். பல காலம் அது விளம்பரம் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த நோயாளிகளில் பெயின்ட் அடிப்பவர்கள், ஈயக் குழாய் வேலைக்காரர்கள், ஈயம் கலந்த ஆப்பிள் மது குடித்தவர்கள் நிறைய. அதாவது ஈய நஞ்சு. கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் உடம்பைத் தண்ணீர் அழுத்துகிறது, ரத்தம் மார்புக்கு ஏறுகிறது, சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்து சிறுநீரோடு ஈயத்தையும் கூடுதலாகத் தள்ளுகிறது. 1980களில் பிரிஸ்டலில் ஆட்களைத் தண்ணீரில் உட்காரவைத்து இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

"அது எங்களுக்குத் தெரிஞ்சதுதான். குளத்துல இறக்கின பத்தாவது நிமிஷம் ஒவ்வொருத்தரா பாத்ரூம் போகணும்பாங்க" என்றாள். "ஆனா அதுக்கு இந்தத் தண்ணிதான் வேணும்னு இல்ல. நம்ம வீட்டுத் தொட்டியில வெந்நி ரொப்பினாலும் அதேதான்."

தாதுக்களின் மகிமை என்ற விளம்பரம் அடிபட்டுப் போகிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஓர் ஏழை பெயின்டருக்கு, வாரக்கணக்கில், தினமும், ஆறாத வெந்நீரைத் தொட்டி நிறைய யார் ஊற்றியிருப்பார்கள்? விறகில்லாமல், காசில்லாமல், நாளுக்கு 11 லட்சம் லிட்டர் என்பது இங்கே மட்டும்தான் இருந்தது. அந்த அளவில் ஊற்றுக்காரிக்குரிய பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஈயம் பாவிய தரையில் ஈய நோயாளிகள் குணமானதைப் பற்றி வேறு யாராவது கவிதை எழுதிக்கொள்ளட்டும்.

கிழக்குப் பகுதியும் மேற்குப் பகுதியும் தரைக்குக் கீழே சூடேற்றும் செங்கல் தூண்கள் நிறைந்த அறைகள். ரோமானிய இடிபாடுகளில் எங்கும் பார்ப்பவைதான், வேகமாகக் கடந்தோம். வட்டமான குளிர்நீர்க்குளம் ஒன்றில் மட்டும் நின்றோம். அடியில் இன்றைய காசுகள் மினுங்குகின்றன. யாரும் போடச் சொல்லவில்லை, வருகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊற்றுக்குள்ளிருந்து எடுத்த ரோமானியக் காசுகள் 12,000க்கும் மேல். காசில் போட்டவன் பெயர் இருக்காது, எதற்குப் போட்டான் என்றும் இருக்காது. கோபமாக வந்தவன் எழுதிவிட்டுப் போனான். கால்வலி தீர்ந்தவன் ஒரு காசைச் சுண்டிவிட்டு வீட்டுக்குப் போனான் என்றால், இந்த ஊர்க் கணக்கில் கோபமே மேலோங்கித் தெரிவதில் ஆச்சரியமில்லை. தகடுகளின் முன்னால் நான் கட்டிய முடிவை இங்கே கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது.

வெளியேறும் வழியில் குழாயில் ஊற்றுத் தண்ணீர் குடிக்கத் தருகிறார்கள், சுத்திகரித்தது. வெதுவெதுப்பு, லேசான இரும்பு வாடை, நாக்கில் ஒரு மாவுத்தன்மை. இரண்டாவது கோப்பை வேண்டாம். மேலே பம்ப் ரூமில் இதையே சரவிளக்கின் கீழ், பியானோ வாசிப்புக்கு நடுவே அருந்தலாம். 1795லிருந்து அப்படித்தான். சற்றுத் தள்ளி கிராஸ் பாத் என்று தனி ஊற்று, தனிக் குளம். இரண்டாம் ஜேம்ஸின் ராணி, மோடெனா மேரி, 1687இல் பிள்ளைவரம் வேண்டிக் குளித்த இடம். மறு வருஷம் ஆண் பிள்ளை பிறந்தது. அந்த வாரிசு பிறந்ததே ராஜா நாட்டை விட்டு ஓடவேண்டிய கலகத்துக்கு ஒரு காரணமாகிவிட்டது. இப்போது அங்கே முன்பதிவு செய்து குளிக்கலாம். அன்றைக்கு இடமில்லை.

மிச்சமிருந்த நேரத்தில் அபேக்குள் போனோம். சுவரில் தரையிலிருந்து கை எட்டாத உயரம் வரை நினைவுக் கற்கள், 600க்கும் மேல். தரையிலும் கல்லறைப் பலகைகள். அட்மிரல்கள், ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர்கள், கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்தவர்கள். பெரும்பகுதிப் பேர் ஓய்வுக்கும் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் வந்து இங்கேயே முடிந்துபோனவர்கள். கொஞ்ச காலம் முன்பு அபேயின் தரைக்கடியில் குழாய் பதித்து, ரோமானிய வடிகாலில் ஓடும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக் கட்டடத்தையே சூடாக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். செத்தும் அவர்களுக்கு சூலிஸின் சூடு கிடைத்துக்கொண்டிருக்கிறது.

சித்தி மகள் கற்களில் வயதை மட்டும் படித்துக்கொண்டு போனாள். "இத்தனை பேர் குணமாகாமப் போயிருக்காங்க. அப்புறமும் ஜனம் வந்துக்கிட்டேதானே இருந்திருக்கு?"

"குணமானவன் ஊருக்குப் போயிட்டான். அவனுக்கு யாரு இங்க கல்லு வைப்பா?" என்றேன்.

"அதே வாதத்தை எங்கிட்ட வர்ற மூலிகை எண்ணெய்க்காரரும் சொல்வாரு, அண்ணே" என்றாள். பதில் சொல்ல முடியாமல் அடுத்த கல்லுக்கு நகர்ந்தேன்.